கேமரா யார் வாசலில் நிற்கிறது?

(தண்டலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, சீனத்துக் கலைப்படங்களில் சிறுபான்மை இனத்தார் வாழ்வும் பௌத்த மரபும். நோட்டீசைப் பார்த்த ஒரு தோழர், "தண்டலத்துக்கும் திபெத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டதாக வாசலில் சொன்னார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

வெளியே லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஓடும் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால் காஞ்சிபுரம். ஏறத்தாழ 640ஆம் ஆண்டில் ஒரு சீனத் துறவி அந்த ஊருக்கு வந்தார். யுவான் சுவாங். முதுகில் சுவடிக் கூடையும் தலைக்கு மேல் குடையுமாக அவர் நிற்கும் படத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். காஞ்சியில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள், பதினாயிரம் பிக்குகள் என்று அவர் எழுதி வைத்தார். நாளந்தாவில் புகழோடு விளங்கிய தர்மபாலர் பிறந்த ஊர் இது என்றும் எழுதினார். பிற்காலச் சீனர்கள் அவருடைய பயணத்தைக் கதையாக்கி, துணைக்கு ஒரு குரங்கு வீரனையும் சேர்த்துவிட்டார்கள். 'மேற்குப் பயணம்' என்ற அந்த நாவல் 1986இல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. நம் ஊரில் ராமாயணத் தொடருக்குத் தெரு வெறிச்சோடியதே, அங்கே இதற்கு அந்த மவுசு.

இப்போது 2005இல் வந்த ஒரு திபெத்தியப் படத்துக்கு வாருங்கள். மடத்தில் படிக்கும் ஒரு குட்டி லாமா புத்தாண்டுக்கு வீட்டுக்கு வருகிறான். வீட்டில் டிவி. டிவியில் இந்தத் தொடர். கண் கொட்டாமல் பார்க்கிறான். திரும்பிப் போகும் நாள் வருகிறது. பையனுக்கு டிவியை விட மனமில்லை. மடத்துக்குக் கொண்டுபோய்த் தன் குருவுக்கும் காட்டவேண்டும் என்று அப்பாவிடம் அடம் பிடிக்கிறான். அவன் வாய் பிளந்து பார்த்த கதையின் நாயகர் நம் காஞ்சிபுரத்துக்கு வந்து போனவர். சம்பந்தம் போதுமா?

இன்று நான் உங்கள் முன் வைப்பது ஒரே ஒரு கேள்வி. ஒரு சிறிய இனத்தின் வாழ்வையும் வழிபாட்டையும் படமெடுக்கும்போது கேமரா யார் வாசலில் நிற்கிறது? தெருவில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறதா? வீட்டுக்குள் நின்று தெருவைப் பார்க்கிறதா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சில படங்களைப் பார்ப்போம்.

சீன அரசு அங்கீகரித்த இனங்கள் 56. பெரும்பான்மையான ஹான் இனத்தை விட்டால் மீதி 55. திபெத்தியர், மங்கோலியர், உய்குர், யீ, பாய், ஜுவாங் என்று பட்டியல் நீளும். 1950களிலும் 60களிலும் இவர்களைப் பற்றிய படங்கள் நிறையவே வந்தன. 1959இல் 'ஐந்து பொன்மலர்கள்'. பாய் இனத்துக் காதல் கதை. 1960இல் 'லியு சான்ஜியே'. பாட்டாலேயே பண்ணையாரை மடக்கும் ஜுவாங் பெண்ணின் கதை. பளிச்சென்ற உடை, மலை, ஆறு, பாட்டு, சிரிப்பு. 1963இல் 'பண்ணையடிமை' வந்தது. பிரபுக்களிடமும் லாமாக்களிடமும் அடிபட்ட திபெத்திய அடிமை ஒருவன் ஊமைபோல் நடித்தே காலம் தள்ளுகிறான். செஞ்சேனை வந்த பிறகுதான் வாய் திறக்கிறான். திபெத்தில் பண்ணையடிமை முறை இருந்தது மெய். அதைச் சொல்ல வேண்டியதும் மெய். ஆனால் அந்தப் படத்தில் மடம் என்றாலே சூழ்ச்சி, துறவி என்றாலே வஞ்சகன். விளக்கேற்றிக் கும்பிடும் ஒரு கிழவி மனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

சீனாவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நம் படங்களில் மலைவாசி என்றால் என்ன செய்தோம்? இறகைச் சொருகினோம், இலையைக் கட்டினோம், தீயைச் சுற்றி ஆடவிட்டோம், பொருளில்லாத ஒரு சத்தத்தை அவர்கள் மொழி என்று சொல்லி வாயில் திணித்தோம். குறைந்தபட்சம் சீனர்கள் நல்ல பாட்டாவது போட்டார்கள்.

சீனாவில் இந்த வழக்கத்தை முதலில் பலமாக உடைத்தவர் தியான் ஜுவாங்ஜுவாங். கலாச்சாரப் புரட்சி முடிந்து பெய்ஜிங் திரைப்படக் கல்லூரி மீண்டும் திறந்தபோது 1978இல் சேர்ந்து 1982இல் வெளிவந்த புகழ்பெற்ற அணியில் ஒருவர். 1986இல் சியான் படநிறுவனத்துக்காக அவர் எடுத்த படம் 'குதிரைத் திருடன்'.

நோர்பு குதிரை திருடுகிறான். திருடியதில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் கொடுக்கிறான். பிழைப்பும் பக்தியும் அவன் ஒருவனுக்குள்ளேயே குடியிருக்கின்றன. குற்றம் வெளிப்பட்டதும் குலம் அவனை விலக்கி வைக்கிறது. பனிவெளியில் மனைவியும் பிள்ளையுமாகத் திரிகிறான். பிள்ளைக்கு நோய். கோயில் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தீர்த்தமாக ஏந்துகிறான். பிள்ளை பிழைக்கவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் திருட்டை விட்டுவிடப் பார்க்கிறான், பசி விடவில்லை. இதுதான் கதை. பேச்சு மிகக் குறைவு. காற்றில் ஆயிரக்கணக்கில் பறக்கும் மந்திரத் தாள்கள், நெய் விளக்குகள், இறந்த உடலைக் கழுகுகளுக்குப் படைக்கும் சடங்கு, மண்ணில் விழுந்து விழுந்து எழும் நோர்புவும் அவன் மனைவியும். எதற்கும் விளக்கம் இல்லை. இது இன்ன சடங்கு, இன்ன பொருள் என்று சொல்லும் பின்னணிக் குரலும் இல்லை.

படம் எத்தனை பிரதிகள் விற்றது தெரியுமா? பத்துக்கும் குறைவு. அடுத்த நூற்றாண்டில் வரும் பார்வையாளருக்காக எடுத்தேன் என்று தியான் சொன்னதாக ஒரு பேச்சு அப்போதே பரவியது. கர்வம் என்று பலர் திட்டினார்கள். தணிக்கையின் பேரில் படத்தின் தொடக்கத்தில் '1923' என்று ஓர் ஆண்டைப் போடவைத்தார்கள். இதெல்லாம் பழைய காலத்துச் சங்கதி, இன்றைக்கு இல்லை என்று சொல்லிக்கொள்ளத்தான். 1990களில்தான் இதைப் பார்த்த மார்ட்டின் ஸ்கார்செஸி அந்தப் பத்தாண்டில் தாம் பார்த்த படங்களில் தலையாயது என்றார்.

பெரிய படம். சந்தேகமில்லை. ஆனாலும் நம் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். கேமரா யார் வாசலில்? தியான் வியப்போடு பார்க்கிறார், மரியாதையோடு பார்க்கிறார். வெளியில் நின்றுதான் பார்க்கிறார். நோர்புவின் மனைவி அடுப்படியில் அவனிடம் என்ன முணுமுணுத்திருப்பாள் என்று கடைசிவரை நமக்குத் தெரியாது.

இதே போல இன்னொன்று. ஜாங் யாங் என்ற ஹான் இயக்குநர் 2015இல் எடுத்த 'காங் ரின்போச்சே'. காங் ரின்போச்சே என்பது நாம் கயிலாயம் என்று கும்பிடும் அதே மலை. மார்க்கம் என்ற பகுதியின் கிராமத்தார் சிலர் லாசாவுக்கும் அங்கிருந்து கயிலைக்குமாக 2,000 கிலோமீட்டருக்கு மேல் விழுந்து கும்பிட்டுக்கொண்டே போகிறார்கள். கைகளில் கட்டைப் பலகை, மார்பில் தோல் மறைப்பு. சில அடி நடை, ஒரு சாஷ்டாங்கம். மறுபடி சில அடி, மறுபடி சாஷ்டாங்கம். சிறுமி ஒருத்தியும் இருக்கிறாள். கர்ப்பிணி ஒருத்தி வழியில் பிள்ளை பெறுகிறாள். சாலையில் வெள்ளம் ஓடுகிறது. தண்ணீரிலேயே விழுந்து கும்பிடுகிறார்கள். சாமான் ஏற்றிய டிராக்டரை ஒரு கார் இடித்து உடைத்துவிடுகிறது. காரில் அவசர நோயாளி இருக்கிறார் என்று தெரிந்ததும் நஷ்டஈடு கேட்காமல் போகச் சொல்கிறார்கள். பிறகு வண்டியைக் கையாலேயே இழுக்கிறார்கள். இழுத்த தூரம் கும்பிடாத தூரம் அல்லவா? வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பி நடந்துபோய், விட்ட இடத்திலிருந்து கும்பிட்டு வருகிறார்கள்.

நமக்கு இது அந்நியமா? அங்கப்பிரதட்சணம் தெரியாத தமிழர் உண்டா? கயிலையைக் காலால் மிதிக்கக்கூடாது என்று தலையால் நடந்து ஏறியதாகச் சொல்லப்படும் காரைக்கால் அம்மையார், பிறகு வந்து தங்கிய திருவாலங்காடு நமக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான். ஆகவே இந்தப் படம் நம் கண்ணை நனைக்கும். 2017இல் சீனத் திரையரங்குகளில் பத்துக் கோடி யுவான் வசூல் செய்ததென்றால் பெருநகர மக்களையும் அது தொட்டிருக்கிறது என்று பொருள். எனக்கு ஒரு குறை உண்டு. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குக்கூடச் சலிப்பு வரவில்லை, கோபம் வரவில்லை, சந்தேகம் வரவில்லை. இயக்குநர் அவர்களைக் கும்பிட்டுக்கொண்டே படமெடுத்துவிட்டார்.

சரி, உள்ளிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அந்தக் கேள்விக்கு விடையாக வந்தவர் பெமா செடென்.

1969இல் சிங்ஹாய் மாகாணத்தில், திபெத்தியர் ஆம்தோ என்று அழைக்கும் பகுதியில், மேய்ச்சல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா அவரை இறந்துபோன ஒரு துறவியின் மறுபிறவி என்று நம்பி, பௌத்த நூல்களை உட்கார்ந்து படியெடுக்க வைத்தாராம். பள்ளி ஆசிரியராக இருந்தார். திபெத்தியத்திலும் சீனத்திலும் சிறுகதை எழுதினார். 2002இல் பெய்ஜிங் திரைப்படக் கல்லூரிக்குப் போனார். நான் முதலில் சொன்ன குட்டி லாமா கதைதான் அவருடைய முதல் முழுநீளப் படம், 'மௌனமான மந்திரக் கற்கள்'. முழுக்கத் திபெத்திய மொழியில், திபெத்திய நடிகர்களை வைத்து எடுத்தார். சீனாவின் தங்கச் சேவல் விருதில் சிறந்த அறிமுக இயக்குநர் பரிசும் கிடைத்தது.

அவர் படங்களில் கழுகுச் சடங்கைத் தேடிப் போகிறவர் ஏமாந்து திரும்புவார். அங்கே மோட்டார் சைக்கிள் ஓடுகிறது. சலூனில் கண்ணாடி தொங்குகிறது. போலீஸ் ஸ்டேஷனில் தேநீர் ஆறுகிறது. மதம் எங்கே? எல்லா இடத்திலும் இருக்கிறது, தனியாகத் தெரிவதில்லை. நம் வீட்டு வாசற்படி மஞ்சளை நாம் பார்த்துக்கொண்டா நிற்கிறோம்?

2015இல் வந்த 'தார்லோ'வை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். இந்தத் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் பார்க்கவேண்டிய படம் அது.

கறுப்பு வெள்ளைப் படம். தொடங்கியதும் பத்து நிமிடத்துக்கு மேல் கேமரா நகராமல் ஒரே காட்சி. போலீஸ் ஸ்டேஷனில் தார்லோ உட்கார்ந்திருக்கிறான். நாற்பதைத் தாண்டிய ஆட்டிடையன், பின்னலிட்ட முடி. அவனுடைய பையில் தாயில்லாத ஓர் ஆட்டுக்குட்டி. மாவோவின் 'மக்களுக்குச் சேவை செய்' என்ற உரையைச் சின்ன வயதில் மனப்பாடம் செய்தவன். அதிகாரி கேட்டதும் ஒப்பிக்கிறான். எந்த ராகத்தில்? மடத்தில் சூத்திரம் ஓதும் ராகத்தில்! அரசாங்கம் சொல்லைக் கொடுத்தது. ராகம் பாட்டன் முப்பாட்டன் கொடுத்தது. ஒரு வார்த்தை விமர்சனம் இல்லாமல் ஒரு முழு வரலாறு அந்த ராகத்தில் வந்துவிடுகிறது.

அவனை அழைத்ததே அடையாள அட்டை எடுக்கத்தான். அட்டை இல்லாவிட்டால் நீ யாரென்று ஊருக்கு எப்படித் தெரியும் என்கிறார் அதிகாரி. நான் யாரென்று எனக்குத் தெரியுமே, அது போதாதா என்பது தார்லோவின் நினைப்பு. போட்டோ எடுக்க நகரத்துக்குப் போகிறான். ஸ்டூடியோவில் ஒரு ஜோடி, பின்னால் லாசா அரண்மனைத் திரையை மாட்டிப் படம் எடுத்துக்கொள்கிறது. திரையை மாற்றினால் பெய்ஜிங், இன்னொன்றை மாற்றினால் நியூயார்க். தலையை அலசிவிட்டு வா என்று இவனை எதிர்ச் சலூனுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரு பெண். அவளுடைய சிரிப்பில் ஆள் விழுந்துவிடுகிறான். ஆடுகளை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிறான். அவள் பின்னலை மழித்து மொட்டையாக்குகிறாள். மறுநாள் அவளும் இல்லை, பணமும் இல்லை. அட்டையை வாங்க ஸ்டேஷனுக்குப் போனால், படத்தில் இருப்பவன் நீ இல்லையே, மறுபடி போட்டோ எடு என்கிறார்கள். மாவோ உரையை ஒப்பிக்கச் சொல்கிறார்கள். நா தடுமாறுகிறது. இத்தனை வருஷ மனப்பாடம் போய்விட்டது.

தோழர்களே, உங்கள் கழுத்தைக் குனிந்து பாருங்கள். பாதிப் பேர் கழுத்தில் இன்னும் அட்டை தொங்குகிறது. அதில் ஒரு போட்டோ, ஒரு எண், கீழே ஒப்பந்தக்காரர் பெயர். ஒப்பந்தம் மாறினால் நாடாவின் நிறம் மாறும், எண் மாறும். ஒரகடத்துக்கு வந்த முதல் நாளில் எடுத்த அந்த போட்டோவில் இருப்பவர் நீங்கள்தானா? தார்லோவைத் திபெத்துக்காரன் என்று யார் சொன்னது?

பெமா செடென் அரசியல் முழக்கம் போட்டவர் அல்ல. போடவும் முடியாது, கதையை எழுதி அனுமதி வாங்கிய பிறகே அங்கே கேமராவைத் தொடலாம். 2016 ஜூனில் சீனிங் விமான நிலையத்தில் விட்டுவிட்ட பையை எடுக்கப் போனவரைப் போலீசார் பிடித்து, கடைசியில் மருத்துவமனையில் சேர்க்கும்படி ஆயிற்று. சீனத் திரைப்பட இயக்குநர்கள் சங்கமே விளக்கம் கேட்டது. அவர் மறுபடி படமெடுக்கப் போய்விட்டார்.

2019இல் 'பலூன்'. குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடுமையாக இருந்த காலம். தலையணைக்கு அடியில் இருந்த ஆணுறையை எடுத்துப் பிள்ளைகள் பலூன் ஊதி விளையாடுகிறார்கள். நம் ஊரிலும் நடந்த கூத்துதான், சிரிக்கிறீர்கள். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. தாத்தா இறந்துபோகிறார். இதே வீட்டில் மறுபடி பிறப்பார் என்று லாமா சொல்லிவிடுகிறார். மருமகள் டிரோல்கர் கர்ப்பமாகிறாள். பெற்றால் அபராதம், ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளின் படிப்பு கெடும். கலைத்தால்? தாத்தாவைத் திரும்பி வரவிடாமல் தடுத்த பாவம். ஒரு பக்கம் சட்டம், மறுபக்கம் நம்பிக்கை. நடுவில் அவள் உடம்பு. கணவன் கை ஓங்கிவிடுகிறான். வெளியாள் எடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்? சட்டத்தைத் திட்டியிருப்பார், அல்லது மூடநம்பிக்கையைத் திட்டியிருப்பார். இவர் அந்த இரண்டு சௌகரியத்தையும் நமக்குத் தரவில்லை. அவள் என்ன முடிவெடுக்கிறாள் என்று அவள் முகத்தையே பார்க்க வைக்கிறார். மறுபிறவியை நம்பிய தாத்தாவின் பேரனால்தான் அதைக் கேலியும் செய்யாமல் போற்றவும் செய்யாமல் எடுக்க முடிந்தது.

2023 மே 8 அன்று, திபெத்தில் இருந்தபோது இறந்துபோனார். வயது 53. அவர் எடுத்து முடித்திருந்த 'பனிச்சிறுத்தை' அந்த ஆண்டே டோக்கியோ விழாவில் முதல் பரிசு வாங்கியது. ஆட்டுப்பட்டிக்குள் புகுந்து ஒன்பது கிடாக்களைக் கொன்ற சிறுத்தை. நஷ்டஈடு கொடுத்தால்தான் அதை விடுவேன் என்று கொதிக்கும் அண்ணன். அந்தச் சிறுத்தையை நேசித்துப் படம் பிடிக்கும் துறவித் தம்பி. ஆம், கேமரா இப்போது லாமாவின் கையிலேயே இருக்கிறது.

இப்படி உள்ளிருந்து படமெடுப்பது இந்தியாவில் நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. இமாச்சலத்தில் பீர் என்ற ஊரில் திபெத்திய மடம் ஒன்று உண்டு. 1999இல் கியென்ட்சே நோர்பு என்ற லாமா அங்கேயே 'கோப்பை' என்ற படத்தை எடுத்தார். 1998 உலகக் கோப்பைக் கால்பந்தைப் பார்க்கத் துடிக்கும் குட்டித் துறவிகள் டிவி வாடகைக்கு எடுக்கப் படும் பாடுதான் கதை. மடத்துத் துறவிகளே நடித்தார்கள். துறவிக்குள் இருக்கும் சிறுவனை ஒரு லாமாவே காட்டினார். 2013இல் அருணாசலப் பிரதேசத்தில், சில ஆயிரம் பேரே பேசும் ஷெர்துக்பென் மொழியில், அந்த இனத்தைச் சேர்ந்த சாங்கே தோர்ஜி தோங்தோக் 'பாலங்களைக் கடந்து' என்ற முதல் படத்தை எடுத்தார். மும்பையில் வேலை போய் ஊருக்குத் திரும்பும் ஒருவன் சொந்த கிராமத்தையே புதிதாகப் பார்க்கும் கதை. தேசிய விருது கிடைத்தது. இலங்கையிலே 1997இல் பிரசன்ன விதானகே எடுத்த 'புரஹந்த களுவர', அதாவது பௌர்ணமி நாளின் இருட்டு. சீல் வைத்து வந்த சவப்பெட்டியில் தன் மகன் இல்லை என்று சாதிக்கும் கண் தெரியாத சிங்களக் கிழவரின் கதை. அரசு தடை செய்தது. உச்ச நீதிமன்றம் போய்த்தான் வெளியே வந்தது. பெரும்பான்மைக்குள் பிறந்தவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே உண்மை பேசினால் அதற்கும் தடைதான்.

இப்போது நம் பக்கம். மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் 'மத்தவிலாசம்' என்று ஒரு நாடகம் எழுதினான். காஞ்சித் தெருவில் ஒரு காபாலிகனும் ஒரு பௌத்த பிக்குவும் மண்டையோட்டுக்காகச் சண்டை போடும் நையாண்டி. அருமையான நாடகம். ஆனால் எழுதியது அரசன், அடி வாங்கியது பிக்கு. 2011இல் 'ஏழாம் அறிவு'. போதிதர்மர் காஞ்சியிலிருந்து சீனம் போன மரபுக் கதையை எடுத்தோம், பெருமைப்பட்டோம். அதில் சீனன் யார்? இந்தியாவில் நோய் பரப்ப வரும் வில்லன். நடித்தவரோ வியட்நாமிய வம்சாவளி அமெரிக்கர். சீனன் மாதிரித் தெரிந்தால் போதும் என்று விட்டோம். நம்மைப் பற்றி இப்படி ஒருவர் படமெடுத்தால் சும்மா இருப்போமா?

பௌத்தம் நமக்குப் பல்லவர் காலத்தோடு முடிந்த கதையும் அல்ல. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 முதல் 'தமிழன்' இதழை நடத்தினார். அந்த வழியில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஊரார் கும்பிட்டு வந்த சிலை புத்தர்தான் என்று தொல்லியல் ஆய்வை வைத்து 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எப்பேர்ப்பட்ட கதை! நம்மவர் எடுத்தால் கோர்ட்டில் ஒரு வசனம், கைதட்டல், முடிந்தது. பெமா செடென் எடுத்திருந்தால்? வழக்குப் போட்ட பௌத்தரின் வீட்டுக்கும் போயிருப்பார். முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டு பிள்ளை பெற்ற கிழவியின் வீட்டுக்கும் போயிருப்பார். நாளைமுதல் யாரிடம் முறையிடுவாள் அவள்? அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்கு இன்னும் நாம் காத்திருக்கிறோம்.

இன்னும் கிட்டே வருகிறேன். நம்மைச் சுற்றி இருளர்கள் வாழ்கிறார்கள். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டவர்கள் எத்தனை குடும்பம்! 1978இல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் நஞ்சையும் எடுத்துக் கொடுக்கிறது. பாம்பு கடித்தால் நமக்கு ஏற்றும் மருந்து அதிலிருந்து வருகிறது. அவர்கள் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கத்தான் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது. தார்லோ நினைவுக்கு வருகிறானா?

மாசி மகப் பௌர்ணமிக்கு அவர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். கம்பு நட்டுப் புடவையைக் கட்டிக் கூடாரம் போடுகிறார்கள். விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படி கட்டி, மஞ்சளும் பூவும் துளசியும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். அலையோரத்தில் தாலி கட்டுகிறார்கள், பிள்ளைக்கு மொட்டை போடுகிறார்கள். சுற்றிலும் பெரிய பெரிய லென்சோடு படமெடுக்கும் கூட்டம். படம் அழகாகத்தான் வருகிறது. அந்தத் தாய் அன்றைக்கு யாரிடம் கடன் வாங்கி பஸ் ஏறினாள் என்பது அந்த அழகான படத்தில் இருக்காது.

2021இல் வந்த 'ஜெய் பீம்' இருளர் படும் காவல் கொடுமையை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதை நான் வணங்குகிறேன். ஆனால் அதில் இருளர் பெண் செங்கேணியாக வாழ்ந்து காட்டியவர் கேரளத்து நடிகை. கதையை நடத்திப் போனவர் வக்கீல். 2022இல் மலையாள இயக்குநர் பிரியநந்தனன் இருள மொழியிலேயே, பழங்குடி மக்களையே நடிக்க வைத்து 'தபாரிக் குருவி' எடுத்தார். அது ஒரு படி மேலே. அடுத்த படி, ஓர் இருளர் பிள்ளை கேமராவுக்குப் பின்னால் நிற்பது. அது கடினமில்லை. உங்கள் சட்டைப் பையிலேயே கேமரா இருக்கிறது. அதில் பலதும் இந்தச் சாலையோரத்துத் தொழிற்சாலைகளில் உங்கள் கையாலேயே பூட்டியது.

ஆகவே மூன்று வேண்டுகோள். இங்கே கல்லூரி நடத்தும் பெரியவர்கள் விடுமுறையில் அக்கம்பக்கத்து இருளர் பிள்ளைகளுக்கு ஒரு படப்பயிற்சி வகுப்பு வையுங்கள். அவர்கள் எடுத்ததைத் திருத்தாமல் திரையிடுங்கள். தோழர்களே, உங்கள் விடுதி அறையில் ஒடிசாக்காரரும் ஜார்க்கண்டுக்காரரும் அசாம்காரரும் இருக்கிறார்கள். எல்லாரையும் 'பாய்' என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். அவர்களில் சந்தாலி பேசுபவர் யார், போடோ பேசுபவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரவர் ஊர்ப் படம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியாக, அடுத்த மாதக் கூட்டத்தில் இதே மண்டபத்தில் 'தார்லோ'வைப் போட இந்தக் கூட்டத்தை நடத்தும் இளைஞர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வசனத்தை ஒருவர் தமிழிலும் ஒருவர் இந்தியிலும் வாசிப்பார்கள். தனியாக வராதீர்கள். லைனில் உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.